இரண்டு கொடிகளின் கீழ் ஒரு நாசகாரி

1971 டிசம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் வங்கக் கடலில் நடத்திய கடற்போரின் மையத்தில் மூன்று கப்பல்கள் இருந்தன. மூன்றுமே வேறொரு போருக்காக, வேறு நாடுகளின் தளங்களில் கட்டப்பட்டவை.

முதலாவது, விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த். 1943இல் பிரிட்டனின் டைன் நதிக்கரையில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் இதன் கட்டுமானம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வேலை பாதியில் நின்றது. இந்தியா அதை 1957இல் வாங்கி, பெல்ஃபாஸ்டில் கட்டி முடிக்கச் செய்து, 1961இல் கடற்படையில் சேர்த்தது. இரண்டாவது, பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பலான காசி. 1945இல் டயாப்லோ என்ற பெயரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த இது, 1964இல் குத்தகைக்குப் பாகிஸ்தானிடம் வந்தது. மூன்றாவது, இந்திய நாசகாரிக் கப்பலான ராஜ்புத். 1942இல் ஸ்காட்லாந்தில் கடலில் இறங்கியபோது இதன் பெயர் ராதர்ஹாம்.

விக்ராந்தைத் தேடிக் காசி வந்தது. அதற்குத் தூண்டிலாகவும், பிறகு அதைத் தாக்கும் கப்பலாகவும் ராஜ்புத் அனுப்பப்பட்டது. அப்போது ராஜ்புத்துக்கு வயது 29. அதைப் பணியிலிருந்து விடுவிக்கும் ஏற்பாடுகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன.

இவ்வளவு பழைய கப்பலால் என்ன செய்ய முடியும்? விடை கப்பலின் வயதில் இல்லை. நீராவியிலும், கடல்நீரில் ஒலி செல்லும் விதத்திலும், நீருக்குள் வெடிமருந்து வெடிக்கும் முறையிலும் இருக்கிறது. கப்பல் கைமாறும்போது கொடியும் பெயரும் மாறும். அதைத் தாங்கும் கடலின் விதிகள் மாறுவதில்லை. அந்த விதிகளைத் தெரிந்துவைத்திருக்கும் மனிதர்கள் இருக்கும்வரை பழைய கப்பலும் போர்க்கப்பல்தான்.

கிளைட் நதியிலிருந்து திருகோணமலைக்கு

நாசகாரி என்ற வகைக் கப்பலின் வேலை பெரிய கப்பல்களுக்குக் காவல் நிற்பது. போர்க்கப்பல்களும் விமானந்தாங்கிகளும் சரக்குக் கப்பல் அணிகளும் செல்லும்போது அவற்றைச் சுற்றி வேலி போல ஓடி, நீர்மூழ்கிகளையும் எதிரி விமானங்களையும் தடுக்க வேண்டும். அதற்கு வேகம் வேண்டும், நீருக்கடியில் கேட்கும் காது வேண்டும், ஆழத்தில் வெடிக்கும் குண்டு வேண்டும்.

1940-41இல் பிரிட்டனுக்கு இத்தகைய கப்பல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. அந்த அவசரக் கட்டுமானத் திட்டத்தில் பிறந்தது ஆர் வகுப்பு. ராதர்ஹாம், ரேஸ்ஹார்ஸ், ரெய்டர், ராபிட், ரிடவுட், ரிலென்ட்லெஸ், ராக்கெட், ரோபக் என மொத்தம் எட்டுக் கப்பல்கள். கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் நிறுவனம் கட்டிய ராதர்ஹாம் அந்த அணியின் தலைமைக் கப்பல். நீளம் சுமார் 109 மீட்டர், எடை சாதாரண நிலையில் 1,700 டன்னுக்குச் சற்று அதிகம். 4.7 அங்குலப் பீரங்கிகள் நான்கு, டார்பிடோக் குழாய்கள் எட்டு, பின்புறத்தில் வரிசையாக அடுக்கிய, ஆழத்தில் வெடிக்கும் டெப்த் சார்ஜ் குண்டுகள். இரண்டு கொதிகலன்கள் தந்த நீராவியில் 40,000 குதிரைத்திறன் எழுப்பி, 36 நாட், அதாவது மணிக்குச் சுமார் 67 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது.

1942 ஆகஸ்டில் பணியில் சேர்ந்த ராதர்ஹாமின் போர்க்கால வாழ்க்கையில் பெரும்பகுதி இந்தியப் பெருங்கடலில் கழிந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானந்தாங்கிகள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதால் பிரிட்டனின் கிழக்குக் கப்பற்படை ஆப்பிரிக்காவின் மொம்பாசாப் பக்கம் ஒதுங்கியது. 1944இல் அது மறுபடி திருகோணமலைக்குத் திரும்பியது. அந்த இயற்கைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட படைதான் 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்திராவின் வடமுனைக்கு அருகில் இருந்த சபாங் துறைமுகத்தைத் தாக்கியது. இல்லஸ்ட்ரியஸ், அமெரிக்காவின் சரடோகா என்ற இரு விமானந்தாங்கிகளுக்கும் காவலாகச் சென்ற நாசகாரிகளில் ராதர்ஹாமும் ஒன்று.

அதன் சகோதரிக் கப்பல்களும் அதே கடலில் முக்கியமான வேலை செய்தன. இந்தியப் பெருங்கடலில் உலவிய ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுத்துவந்த சார்லட் ஷ்லீமன் என்ற கப்பலை ரிலென்ட்லெஸ் 1944 பிப்ரவரியில் மூழ்கடித்தது. அடுத்த மாதம் பிராக்கே என்ற இன்னொரு எண்ணெய்க் கப்பலின் கதையை ரோபக் முடித்தது. நீர்மூழ்கியை நேரடியாகத் தேடிப் பிடிப்பதைவிட அதன் எரிபொருளைத் தேடிப் பிடிப்பது சில சமயம் எளிது என்பதற்கு இவை சான்று.

1945 செப்டம்பரில் ஜப்பான் சரணடைந்தபின் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்தைத் திரும்பப் பெறுவதற்கு வந்த கப்பல் ராதர்ஹாம். அந்தத் தளத்தின் வாயில்களில் ஒன்றுக்கு ராதர்ஹாம் வாயில் என்றே பெயர் வைத்தார்கள்.

கைமாறிய இரும்பு

போர் முடிந்ததும் பிரிட்டனிடம் தேவைக்கு மேல் கப்பல்கள் குவிந்தன. இந்தியாவுக்கோ கப்பல்கள் போதவில்லை. பிரிவினையில் கடற்படையும் இரண்டாகப் பிரிந்திருந்தது. 1948இல் அகிலீஸ் என்ற குரூசர் டெல்லி என்ற பெயரில் வந்தது. 1949இல் ஆர் வகுப்பிலிருந்து மூன்று நாசகாரிகள் வந்தன. ராதர்ஹாம் ராஜ்புத் ஆனது, ரிடவுட் ரஞ்சித் ஆனது, ரெய்டர் ராணா ஆனது.

அதே ஆண்டு பாகிஸ்தானும் பிரிட்டனிடமிருந்து நாசகாரிகளைப் பெற்றது. அவற்றில் ஒன்றான திப்பு சுல்தானின் பழைய பெயர் ஆன்ஸ்லோ. 1942 டிசம்பர் 31 அன்று ஆர்க்டிக் கடலில் தன்னைவிடப் பலமான ஜெர்மன் படையை எதிர்த்து ஒரு சரக்குக் கப்பல் அணியைக் காத்த கப்பல் அது. ஆக, பின்னாளில் எதிரெதிரே நின்ற இரு நாடுகளும் ஒரே நாட்டின் கப்பல்களில், ஒரே கடற்படையின் கையேடுகளைப் படித்து, ஒரே வகைப் பயிற்சி பெற்றன. எதிரி எப்படி யோசிப்பான் என்று ஊகிக்க இரு பக்கத்துக்கும் இது உதவியது.

வட அட்லாண்டிக் குளிருக்காக வடித்தெடுத்த ஒரு கப்பல் வெப்பக் கடலுக்கு வரும்போது அதன் இயந்திரத்துக்கு என்ன ஆகிறது? ராஜ்புத்தின் கொதிகலன்கள் சுமார் 20 வளிமண்டல அழுத்தத்தில், 330 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் நீராவி தந்தன. அந்த நீராவி டர்பைனைச் சுழற்றிவிட்டு, கடல்நீர் ஓடும் குழாய்கள் நிறைந்த குளிர்விப்பானுக்குள் போய் மீண்டும் நீராகிறது. நீராவி நீராகும்போது அங்கே கிட்டத்தட்ட வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடம் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு டர்பைன் அதிக வேலையைப் பிழிந்தெடுக்கும்.

கடல்நீர் 10 டிகிரியில் இருந்தால் குளிர்விப்பான் நன்றாகக் குளிரும். வங்கக் கடலின் மேற்பரப்போ ஆண்டின் பெரும்பகுதியில் 28, 29 டிகிரியில் இருக்கிறது. வெப்பநிலை கூடும்போது நீரின் ஆவியழுத்தம் வேகமாகக் கூடும். 20 டிகிரியில் உள்ள நீரைவிட 38 டிகிரியில் உள்ள நீரின் ஆவியழுத்தம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதனால் வெப்பக் கடலில் குளிர்விப்பானுக்குள் அழுத்தம் மிஞ்சி நிற்கும்; அதே எண்ணெய்க்குக் குறைந்த வேலைதான் கிடைக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. குளிர்விப்பானின் குழாய்களில் ஊசித்துளை அளவு ஓட்டை விழுந்தாலும் உப்புநீர் கொதிகலனுக்குள் கலந்துவிடும். உப்பிலுள்ள குளோரைடு, கொதிகலன் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். நீராவிக் கப்பலின் ஆயுளை நிர்ணயிப்பது பீரங்கிகளைவிடக் கொதிகலன் அறையில் நாள்தோறும் நடக்கும் நீர்ப் பரிசோதனை. எண்ணெயும் வியர்வையும் கலந்த 45 டிகிரி வெப்பத்தில் நின்று அதைச் செய்த மாலுமிகளால்தான் இந்தப் பழைய கப்பல்கள் இரண்டு தலைமுறை ஓடின. விக்ராந்தும் 1971இல் கொதிகலன் கோளாறால் அவதிப்பட்டது. அதன் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது.

வேகம் குறைந்தால் கப்பல் வீணா? இங்கே ஒரு எளிய கணக்கு பழைய கப்பல்களுக்குச் சாதகமாக நிற்கிறது. கப்பலின் வேகத்தை இரட்டிப்பாக்க, தோராயமாக எட்டு மடங்கு திறன் வேண்டும். அதையே திருப்பிப் பார்த்தால், 36 நாட்டுக்கு 40,000 குதிரைத்திறன் தேவைப்படும் கப்பலுக்கு 18 நாட் வேகத்தில் ஓட 5,000 அளவில் போதும். கொதிகலன்கள் தளர்ந்து திறன் பாதியாகக் குறைந்தாலும் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். நீர்மூழ்கியைத் துரத்த அந்த வேகம் தாராளம். நீருக்கடியில் பேட்டரியில் ஓடிய அக்கால நீர்மூழ்கிகள், அவசரத்தில் சிறிது நேரம்தான் பத்து நாட் அளவுக்கு வேகமெடுக்க முடியும்.

நீருக்குள் வளையும் ஒலி

நீர்மூழ்கியைத் தேடும் கருவிக்குப் பிரிட்டிஷ் கடற்படை வைத்த பெயர் ஆஸ்டிக். இன்று சோனார் என்கிறோம். இதன் வேர் முதல் உலகப் போரில் இருக்கிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்ஜெவின், குவார்ட்ஸ் படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும் என்ற பண்பைப் பயன்படுத்தி, எஃகுத் தகடுகளுக்கு நடுவே படிகங்களை வைத்து நீருக்குள் ஒலி அனுப்பும் கருவியைச் செய்தார். அதே படிகம் திரும்பி வரும் எதிரொலியையும் மின்சாரமாக மாற்றித் தரும்.

கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் செல்கிறது. அனுப்பிய ஒலி இரண்டு நொடி கழித்துத் திரும்பினால், தடை 1,500 மீட்டரில் இருக்கிறது. எதிரொலியின் சுருதி சற்று உயர்ந்தால் இலக்கு நெருங்குகிறது, தாழ்ந்தால் விலகுகிறது. தேர்ந்த ஆஸ்டிக் மாலுமியின் காது இந்தச் சிறு வேறுபாட்டை வைத்தே, தடையாக இருப்பது பாறையா, மீன் கூட்டமா, நகரும் நீர்மூழ்கியா என்று பிரித்தது.

ஆனால் கடல் சீரான ஊடகம் அல்ல. வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு இரண்டிலிருந்து நான்கு மீட்டர் வரை கூடுகிறது. உப்பு கூடினாலும் கூடுகிறது. ஆழம் கூடினால் அழுத்தத்தால் மெல்லக் கூடுகிறது. வேகம் மாறும் இடத்தில் ஒலி நேர்க்கோட்டில் போகாது, வளையும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலில் இறங்கிவிட்ட மாட்டுவண்டி எப்படி மணல் பக்கமே திரும்புமோ, அப்படியே ஒலியும் வேகம் குறைந்த நீரின் பக்கம் திரும்புகிறது.

வழக்கமாக மேல்நீர் சூடாகவும் கீழ்நீர் குளிராகவும் இருக்கும். அதனால் கப்பலிலிருந்து புறப்படும் ஒலி கீழ்நோக்கி வளைந்து, சிறிது தூரத்துக்கு அப்பால் மேல்பகுதியில் ஒலியே எட்டாத நிழற்பகுதியை விட்டுவிடும். அந்த நிழலுக்குள் இருக்கும் நீர்மூழ்கி ஆஸ்டிக்கின் காதுக்குத் தப்பும். இதை அளக்க, ஆழத்துக்கேற்ப வெப்பநிலையைப் பதியும் பாத்திதெர்மோகிராஃப் என்ற கருவியை 1930களின் பிற்பகுதியில் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹாஸ் உருவாக்கினார். கடல் ஆராய்ச்சிக்கென்று பிறந்த கருவி, சில ஆண்டுகளிலேயே நீர்மூழ்கிகளை வேட்டையாடுவோருக்கும் நீர்மூழ்கிகளுக்கும் இன்றியமையாததாக ஆனது.

வங்கக் கடல் இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எனப் பெரிய ஆறுகள் மழைக்காலத்தில் கொண்டுவரும் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் படலமாக மிதக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடி அந்த நன்னீரைக் கரையோரமாக இழுத்து வருகிறது. குளிர்காலத்தில் வடபகுதியில் மேல் நன்னீர் குளிர்ந்து, அதற்குக் கீழுள்ள உப்புநீர் சூடாகவே இருக்கும் தலைகீழ் நிலையும் உண்டாகிறது. உப்பு குறைந்திருப்பதால் குளிர்ந்த நீர் மூழ்காமல் மேலேயே நிற்கிறது. அப்போது ஒலி மேல்நோக்கி வளைந்து மேற்பரப்பை ஒட்டி ஓடும். ஒரே கடலில், சில வார இடைவெளியில், சோனாரின் காது கூர்மையாகவும் மந்தமாகவும் மாறிவிடும்.

கரையோர ஆழமற்ற நீரில் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. அனுப்பிய ஒலி கடற்தரையிலும் மேற்பரப்பிலும் மாறிமாறி மோதிக் கலங்கலான எதிரொலிகளாகத் திரும்புகிறது. அந்த இரைச்சலில் நீர்மூழ்கியின் எதிரொலி அமிழ்ந்துபோகும். துறைமுக வாயிலில் நீர்மூழ்கி பதுங்குவதற்கு இது உதவுகிறது. அத்தகைய இடத்தில் கண்ணால் பார்க்கும் மாலுமிக்கு மதிப்புக் கூடுகிறது.

விமானந்தாங்கியாக நடித்த நாசகாரி

1971 நவம்பர் 14 அன்று காசி கராச்சியிலிருந்து புறப்பட்டது. தளபதி ஜாஃபர் முகமது கான். பாகிஸ்தானிடம் இருந்த மற்ற நீர்மூழ்கிகள் பிரெஞ்சு டாஃப்னே வகையைச் சேர்ந்தவை. அவற்றின் எட்டும் தூரம் குறைவு. பசிபிக் பெருங்கடலுக்காக அமெரிக்கா கட்டிய டென்ச் வகையைச் சேர்ந்த காசிக்கோ, சுமார் 11,000 கடல் மைல் செல்லும் திறன் இருந்தது. இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்குள் நுழைந்து விக்ராந்தைத் தேடும் வேலையை அதுவே செய்ய முடிந்தது. கப்பலில் டார்பிடோக்களோடு கண்ணிவெடிகளும் இருந்தன.

இந்தியக் கிழக்குக் கடற்படைக் கட்டளைக்குத் தலைமை வகித்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். சென்னையில் இருந்த விக்ராந்தை அந்தமானில் மறைவான நங்கூரத் துறைக்கு அனுப்பிவிட்டு, அது விசாகப்பட்டினத்தை ஒட்டியே இருப்பதாக எதிரியை நம்பவைக்க அவர் திட்டமிட்டார். அந்த வேடத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கப்பல் ராஜ்புத்.

பத்தில் ஒரு பங்கு எடையுள்ள நாசகாரி எப்படி விமானந்தாங்கியாக நடிக்கும்? ரேடியோவில் கப்பலின் உருவம் தெரியாது. அது எவ்வளவு பேசுகிறது என்பதுதான் தெரியும். பெரிய கப்பலுக்குச் செய்திப் போக்குவரத்து அதிகம். உணவு, எரிபொருள், பழுதுபார்ப்பு, விமானப் பாகங்கள் என்று நாள்முழுவதும் செய்திகள் ஓடும். சங்கேதத்தை எதிரியால் உடைக்க முடியாவிட்டாலும் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு நீளமாகச் செய்தி வருகிறது என்பதை அளந்தே பெரிய கப்பலின் இருப்பிடத்தை ஊகிக்கலாம். குறுகிய அலைநீள ரேடியோ அலைகள் வளிமண்டலத்தின் அயனிப் படலத்தில் பட்டுத் திரும்புவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் அவை கேட்கும்.

ராஜ்புத் விசாகப்பட்டினத்திலிருந்து சுமார் 160 மைல் தள்ளிச் சென்று விக்ராந்தின் அளவுக்குச் செய்திகளைக் கொட்டியது. துறைமுகத்தில் ஒரு பெருங்கப்பலுக்கான உணவுப் பொருள்கள் வாங்கப்பட்டன. சந்தையில் அது பேச்சாகும் என்பது தெரிந்தே வாங்கப்பட்டன. ஒரு மாலுமி தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதாக ஒரு தனிப்பட்ட தந்தி, சங்கேதமின்றியே அனுப்பப்பட்டது. பாகிஸ்தான் தரப்பிலிருந்தும் ஒரு செய்தி இந்தியர்களின் காதில் விழுந்தது. நீர்மூழ்கிகளும் கண்ணிவாரிக் கப்பல்களும் மட்டுமே பயன்படுத்தும் ஒரு மசகு எண்ணெய் வங்கக் கடலோரச் சிட்டகாங்கில் கிடைக்குமா என்ற விசாரணை அது. வங்கக் கடலுக்கு நீர்மூழ்கி வருகிறது என்பதை ஒரு எண்ணெயின் பெயர் காட்டிக்கொடுத்தது.

மூழ்கும் குண்டின் கணக்கு

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்திய விமானத் தளங்களைத் தாக்கின. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் ராஜ்புத் விசாகப்பட்டினம் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. துறைமுக வழிகாட்டியை இறக்கிவிட்டதும், வாயிலுக்கு வெளியே நீர்மூழ்கி காத்திருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் தளபதிக்கு வந்தது. வேகத்தை முழுவதுமாகக் கூட்ட உத்தரவிட்டார். சிறிது நேரத்தில் வலதுபுற முன்பக்கத்தில் நீர்ப்பரப்பு கலங்குவதாகக் காவல் மாலுமி அறிவித்தார். ராஜ்புத் அந்த இடத்தை நோக்கித் திரும்பி இரண்டு டெப்த் சார்ஜ்களைப் போட்டது. சில நிமிடம் கழித்துக் கடலுக்கடியில் பெரும் வெடிப்பொன்று எழுந்து, விசாகப்பட்டினத்தில் வீடுகளின் ஜன்னல்களை அதிரவைத்தது.

டெப்த் சார்ஜ் என்பது வெடிமருந்து நிரப்பிய உருளை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கப்பல்கள் பரவலாகப் பயன்படுத்திய வகையில் சுமார் 131 கிலோ வெடிமருந்து இருந்தது. முன்கூட்டியே குறித்த ஆழத்தை அடைந்ததும், அங்குள்ள நீரழுத்தமே விசையைத் தட்டி வெடிக்கவைக்கும். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதால், அழுத்தத்தை அளந்தால் ஆழத்தை அளந்ததாகும்.

இதைப் போடும் கப்பலுக்கு இரண்டு சிக்கல்கள். உருளை நொடிக்குச் சுமார் மூன்று மீட்டர் வேகத்தில்தான் மூழ்கும். 30 மீட்டர் ஆழத்துக்குப் போக பத்து நொடி. அதற்குள் பத்து நாட்டில் ஓடும் கப்பல் 50 மீட்டர்தான் விலகியிருக்கும். இருபது நாட்டில் ஓடினால் 100 மீட்டர். ஆழமற்ற நீரில் மெதுவாக ஓடும் கப்பலின் பின்பகுதியைத் தன் குண்டே நொறுக்கிவிடும். வேகத்தைக் கூட்டியது இந்தர் சிங்கின் கப்பலை எதிரியின் டார்பிடோவுக்குக் கடினமான இலக்காக்கியது, தன் குண்டிலிருந்தும் காத்தது.

இரண்டாவது சிக்கல், ஆஸ்டிக்கின் ஒலிக்கற்றை முன்நோக்கிச் செல்லுமே தவிர நேர்கீழே பார்க்காது. நீர்மூழ்கியை நெருங்கும்போது கடைசிச் சில நூறு மீட்டருக்கு எதிரொலி மறைந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் நீர்மூழ்கி நூறு மீட்டருக்கு மேல் விலகிவிட முடியும். குண்டு நீர்மூழ்கியின் உடலைக் கிழிக்க வேண்டுமென்றால் பத்து மீட்டருக்குள் வெடிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் டெப்த் சார்ஜ் தாக்குதல்களில் பெரும்பாலானவை தோற்றதற்கு இந்த இடைவெளியே முதன்மைக் காரணம்.

இருந்தும் நீரில் நடக்கும் வெடிப்பு காற்றில் நடப்பதைவிடக் கொடியது. காற்று அழுந்திக் கொடுத்து அதிர்ச்சியை விழுங்கும். நீர் எளிதில் அழுந்தாது, அழுத்தத்தைக் குறையாமல் கடத்தும். வெடித்த கணத்தில் அதிர்ச்சி அலை ஒலியைவிட வேகமாகப் பாய்கிறது. பின்னால் சூடான வாயுக் குமிழி பெருத்து, நீரழுத்தத்தால் சுருங்கி, மறுபடி பெருத்து அடுத்தடுத்துத் துடிக்கிறது. முதல் அடியில் தப்பிய உலோகத்தையும் குமிழியின் துடிப்பு வளைத்துப் பார்க்கும். நேரடியாகக் கிழியாவிட்டாலும் வால்வுகள் உடையலாம், மின்பலகைகள் அறுபடலாம், பேட்டரிகள் வெடிக்கலாம், ஏற்கெனவே ஆயத்தமாக வைத்த டார்பிடோக்கள் வெடிக்கலாம்.

உடைந்த எஃகின் சாட்சியம்

சில நாள் கழித்து மீனவர்கள் கண்டெடுத்த பொருள்களும், முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்ததும், மூழ்கியது காசி என்பதை உறுதிசெய்தன. கப்பலில் இருந்த தொண்ணூறுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

எது காசியை மூழ்கடித்தது என்பதில் இரு நாடுகளும் வேறுபடுகின்றன. ராஜ்புத்தின் குண்டுகள் என்கிறது இந்தியத் தரப்பு. காசி தானே வைத்த கண்ணிவெடியோ, கப்பலுக்குள் நிகழ்ந்த வெடிப்போ காரணம் என்கிறது பாகிஸ்தான் தரப்பு. தேசப்பற்றை ஓரமாக வைத்து, ஒவ்வொன்றும் எப்படி நடக்கும் என்று பார்ப்பதே அறிவியலுக்குரிய வழி.

உள்வெடிப்புக்கு எளிய வேதியியல் உண்டு. காசியின் பேட்டரிகளில் 252 ஈய-அமிலக் கலங்கள் இருந்தன. மின்னேற்றும்போது அவை ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் ஹைட்ரஜன் நான்கு சதவீதத்தைத் தாண்டினால் ஒரு தீப்பொறியே போதும். கப்பலுக்கும் பேட்டரிக்கும் வயது ஏறியிருந்ததால் இந்த ஆபத்து உண்மையானது. கண்ணிவெடி வாதத்துக்கும் இடமுண்டு. தான் வைத்த வெடிகளின் நடுவே, ஆழமற்ற நீரில், மேலே எதிரிக் கப்பல் வரும்போது அவசரமாகத் திரும்பும் நீர்மூழ்கி எளிதில் வழி தவறலாம். டெப்த் சார்ஜ் வாதமும் வலுவானது. குண்டு போட்ட இடமும் காலமும் வெடிப்பின் இடத்துக்கும் காலத்துக்கும் அருகில் இருக்கின்றன.

உடல் எஃகு வெளியே மடிந்திருந்தால் வெடிப்பு உள்ளே நடந்தது, உள்ளே மடிந்திருந்தால் வெளியே நடந்தது என்பது பொதுவான தடயவியல் விதி. ஆனால் டார்பிடோ நிறைந்த கப்பலில் அந்த விதி போதாது. வெளியே விழுந்த குண்டின் அதிர்ச்சியால் முன்பகுதியிலுள்ள டார்பிடோக்களோ கண்ணிவெடிகளோ வெடித்தால், கடைசியில் எஃகு வெளியே மடிந்துதான் கிடக்கும். முதல் அடியின் தடயத்தை இரண்டாவது அடி அழித்துவிடும். இதனால்தான் காசியின் உடல் கரையிலிருந்து வெகுதூரம் இல்லாத இடத்தில் கிடந்தும் வாதம் தீரவில்லை. அந்த இடத்தை உயிரிழந்த மாலுமிகளின் கல்லறையாக மதித்துக் கலைக்காமல் விட்டிருப்பது சரியே. எஃகு தரக்கூடிய சாட்சியம் அவர்களின் அமைதியைவிடப் பெரிதல்ல.

இரண்டு வாழ்க்கையையும் சேர்த்துப் படிக்கும்போது

ராஜ்புத் 1976இல் பணியிலிருந்து விடைபெற்று உடைக்கப்பட்டது. அதன் பெயர் 1980இல் சோவியத் ஒன்றியத்தில் கட்டிய ஏவுகணை நாசகாரிக்குக் கிடைத்தது. அந்தக் கப்பலும் 2021 மே மாதம் ஓய்வு பெற்றது.

கைமாறிய கப்பல்களின் வரலாறு வழக்கமாக இரண்டு துண்டாகிவிடுகிறது. பிரிட்டிஷ் நூல்களில் ராதர்ஹாமின் கதை 1949இல் முடிகிறது. இந்திய நூல்களில் ராஜ்புத்தின் கதை 1949இல் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், சபாங்குக்கு விமானந்தாங்கிகளைக் காத்துச் சென்ற அதே கப்பல் 27 ஆண்டு கழித்து ஒரு விமானந்தாங்கியாகவே நடித்து அதைக் காப்பாற்றியது என்பது புலப்படுகிறது. வேலை ஒன்றுதான்; அதைச் செய்யும் வழி மாறியது. முதலில் பீரங்கியாலும் ஆஸ்டிக்காலும் காத்தது. அடுத்து ரேடியோவாலும் வேகத்தாலும் காத்தது. புதிய ஆயுதம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. தளர்ந்த கொதிகலனிலிருந்து எவ்வளவு வேகம் வரும் என்று தெரிந்த பொறியாளரும், எதிரி எதைக் கேட்பான் என்று யோசித்த தளபதியும், நீரின் கலக்கத்தைக் கவனித்த ஒரு காவல் மாலுமியும் தேவைப்பட்டனர்.

ஆகவே ஒரு கப்பலின் பலத்தை அதன் பிறந்த ஆண்டை வைத்து எடைபோடுவது தவறு. அது எந்தக் கடலில், எந்த வேலைக்கு, யார் கையில் இருக்கிறது என்பதை வைத்தே எடைபோட வேண்டும். பழைய கப்பல்களின் பதிவேடுகளையும் கொதிகலன் குறிப்புகளையும் சோனார்ப் பதிவுகளையும் இரு நாடுகளும் பாதுகாத்து ஒருவருக்கொருவர் திறந்துவிட்டால், காசியின் கேள்வி உட்பட இன்னும் விடை தேடும் பல கேள்விகளுக்கு எஃகைக் கலைக்காமலேயே காகிதத்தில் விடை தேட முடியும்.